அறுத்தால்தான் தெரியும்!

வியன்னாவுக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், சங்கீதம் கேட்பார்கள். அங்கே வேலை பார்க்கும் மைத்துனன் தயவில் போன நான் இரும்புக் கட்டி பார்த்தேன். காரணம், எங்கள் சித்தப்பா.

'வானத்திலிருந்து விழுந்த இரும்பு சார், கோடி கொட்டும்' என்று எவனோ சொன்னதை நம்பி, சித்தியின் எட்டுப் பவுன் தாலிச் சங்கிலியை விற்று ஒரு கறுப்புக் கட்டியை வாங்கியவர் அவர். கோடி வரவில்லை. சித்தி கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம்.

வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1889-ல் திறந்தது. ஐந்தாம் எண் ஹாலில் கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்கற்கள்!

"இதைப் பாருங்க மாமா!"

அறுத்து மெருகேற்றிய இரும்பு வில்லை. அதன் மேல் கோரைப் பாய் பின்னினாற்போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள்.

1751-ல் குரோஷியாவின் ஹ்ரஷினாவில் விழுந்த, 39 கிலோ எடையுள்ள இரும்பு விண்கல் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தது. 1808-ல் அதன் வில்லை ஒன்றை நெருப்பில் காட்டினார் விட்மன்ஷ்டேட்டன். பட்டைக்குப் பட்டை நிறம் மாற, கோலம் தெரிந்தது. 1804-லேயே நேப்பிள்ஸில் தாம்ஸன் என்ற இங்கிலீஷ்காரர் வேறொரு விண்கல்லில் நைட்ரிக் அமிலம் ஊற்றி இதைப் பார்த்துவிட்டார். பெயர் என்னவோ வியன்னாக்காரருக்கு!

விஷயம் இதுதான். நிக்கல் குறைந்த இரும்பு காமசைட்; அதிகமானது டேனைட். ஏதோ ஒரு குட்டிக் கிரகத்தின் வயிற்றுக்குள் சூடு ஆறும்போது இரண்டும் பிரிந்து பட்டைகளாகின்றன.

"நம்ம ஊர் பட்டறையில பண்ண முடியாதாடா?"

"பண்ணலாம் மாமா. ஆனா பத்து லட்சம் வருஷத்துக்குச் சில நூறு டிகிரி, மிஞ்சினா சில ஆயிரம் டிகிரின்னு ஆறவிடணும். காத்திருப்பீங்களா?"

பி.காம். மூளைக்கு உடனே உறைத்தது. கள்ளக் கையெழுத்தே போட முடியாத ரசீது! எல்லா விண்கல்லிலும் இந்தக் கோலம் இருக்காது. இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஊர் திரும்பியதும் சித்தப்பாவிடம் ஓடினேன். "ஒரு மூலையை அறுத்து, மெருகு போட்டு, அமிலம் தடவினா ஓரளவு தெரிஞ்சுடும் சித்தப்பா."

கட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"வேணாம்டா. அறுக்காதவரைக்கும் உன் சித்திக்குச் சொல்ல எங்கிட்ட ஒரு பதில் இருக்கு."

அடுக்களையிலிருந்து சித்தி குரல் வந்தது:

"அந்தப் பதில் எனக்கு எப்பவோ தெரியும். வந்து காப்பியைக் குடிங்க!"