எலுமிச்சைக்கு விலை பேசும் ஊரில், சம்பளம் கேட்கத் தயங்கும் பிள்ளைகள்

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரத் தொடங்கிவிடும். சிவகிரி, வாசுதேவநல்லூர் கடந்தால் புளியங்குடி. ஊருக்குள் ரயில் கிடையாது. பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் சங்கரன்கோவிலிலோ பாம்புக்கோவில் சந்தையிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஊர்ப் பெயரில் இருப்பது புளி. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்ததோ எலுமிச்சை.

மலையடிவாரத் தோட்டங்களில் பறிக்கும் காய் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். பெருசு, சிறுசு, பச்சை, மஞ்சள் என்று தரம் பிரிப்பார்கள். பாதிக்கு மேல் பேச்சு விலையைப் பற்றித்தான். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரி கிளம்புவதற்குள் பேசி முடித்தாக வேண்டும். கோடையில் தங்கமாய் இருக்கும் எலுமிச்சை, மழைக்காலத்தில் பறிகூலிக்கே கட்டாது. 2022 ஏப்ரலில் நாடு முழுக்க எலுமிச்சை விலை எகிறியது பலருக்கு நினைவிருக்கும். விலை ஏறும்போது தோட்டக்காரர் கூச்சப்படுவதில்லை. இறங்கும்போது வியாபாரியும் கூச்சப்படுவதில்லை.

சந்தையை விட்டுத் தெருக்களுக்குள் நடந்தால் வேறு சத்தம். விசைத்தறி. புளியங்குடி, சிந்தாமணி, சங்கரன்கோவில் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பல குடும்பங்களுக்குத் தறிதான் சோறு. இங்கே கூலி, நெய்த துணியின் அளவைப் பொறுத்தது. கூலி ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தால் சங்கம் கூடும். தொழிலாளர்கள் ஒரு சதவீதம் கேட்பார்கள், உரிமையாளர்கள் வேறொன்று சொல்வார்கள், சில நேரம் தறி நிற்கும், அதிகாரிகள் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடக்கும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் கேட்பதில் யாருக்கும் வெட்கமில்லை. பீடி சுற்றும் பெண்களும் அப்படித்தான். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இந்தத் தெருக்களிலிருந்துதான் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். குடும்பத்தில் முதல் ஐ.டி. வேலை. தெருவே பெருமைப்படும். ஒரு வருடம் கழித்துத் தீபாவளிக்கு வரும்போது வீட்டுப் பெரியவர் கேட்கிற கேள்வி அநேகமாக இப்படி இருக்கும்:

“சம்பளம் எவ்வளவுல கூட்டிருக்கான்?”

“இன்னும் இல்ல தாத்தா. அவங்களா பாத்துப் போடுவாங்க.”

“நீ கேட்டியா?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது தாத்தா.”

“அவனாப் போட்டா அதுக்குப் பேரு கூலியாடே?”

தாத்தாவுக்குப் புரியாதது ஒன்று உண்டு. தறிக்கூலி கேட்க எதிரே முதலாளி இருப்பார். ஐ.டி. கம்பெனியில் யாரிடம் கேட்பது? டீம் லீடுக்கு அதிகாரமில்லை. மேனேஜர் கையில் ஒரு பட்ஜெட் இருக்கும், அதை மொத்த டீமுக்கும் பிரிக்க வேண்டும். பல இடங்களில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று வரையறையும் உண்டு. ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். பேசாமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது முதலில் குறையும். மேனேஜர் கெட்டவர் என்பதால் அல்ல, சத்தம் போடாதவர் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தொகையையும் பார்க்க வேண்டும். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான சாதாரண சம்பளம் பத்து வருடங்களுக்கு மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே சுற்றுகிறது. இடையில் அரிசி, வாடகை, பஸ் டிக்கெட் எதுவும் சும்மா இருக்கவில்லை. ‘3,60,000’ என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் வீட்டில் மாதம் 30,000 என்று கணக்குப் போடுவார்கள். அதற்குள்ளேயே கம்பெனி செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேலைத்திறனுக்கேற்ற தொகை எல்லாம் அடக்கம். கையில் வருவது 25,000-ஐ ஒட்டித்தான். கிராஜுவிட்டியோ, பொதுவாக ஐந்து வருடம் நிலைத்தவர்களுக்கு. ஓ.எம்.ஆர். பக்கம் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, கல்விக்கடன் தவணை போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

தறிக்கு மீட்டர் இருக்கிறது. எத்தனை மீட்டர் என்று யாரும் அளந்து பார்க்கலாம். மென்பொருள் வேலைக்கு அந்த வசதி இல்லை. அதனால் அளவை வேலை செய்கிறவரே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. எந்த மாதம் எந்த வேலை முடிந்தது, எந்தக் கோளாறைச் சரிசெய்தது, வாடிக்கையாளர் எந்த மெயிலில் பாராட்டினார், சீனியர் செய்த எந்தப் பொறுப்பு தன்மேல் வந்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் முன் தரம் பிரிப்பது மாதிரிதான். ‘நிறைய உழைச்சேன் சார்’ என்பது பிரிக்காத மூட்டை.

நேரமும் முக்கியம். பல கம்பெனிகளில் கணக்கு ஆண்டு மார்ச்சில் முடியும், உயர்வுக் கடிதம் ஏப்ரலிலிருந்து சில மாதங்களுக்குள் வரும். ரேட்டிங் முடிவாவது அதற்கும் முன்னால். கடிதம் வந்த பிறகு பேசுவது, லாரி ஆரியங்காவு தாண்டிய பிறகு எலுமிச்சைக்கு விலை கேட்பதற்குச் சமம். பேசும்போது ஒரு தொகையைச் சொல்லிக் கேட்பது நல்லது. தொகைக்கு இடமில்லை என்றால் நைட் ஷிஃப்ட் படி, நல்ல புராஜெக்ட், சம்பளத்தைக் கூட்டும் உள் தேர்வு என்று கேட்க வேறு விஷயங்களும் உண்டு. வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் அந்த அறையில் அவற்றுக்கு விலையில்லை.

நம் மாட்டுச் சந்தைகளில் ஒரு பழக்கம் உண்டு. தரகர் கைமேல் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஐ.டி. சம்பளமும் அந்தத் துண்டுக்கு அடியில்தான். பக்கத்து நாற்காலிக்கு எவ்வளவு என்று தெரியாது. ரகசியம் காக்கச் சொல்லிக் கடிதமே இருக்கும். ஆனாலும் இரண்டு வருட அனுபவத்துக்கு வெளியே பொதுவாக என்ன போகிறது என்று கல்லூரி நண்பர்கள் பேசிக்கொள்ளலாமே. எலுமிச்சைக்கு இன்று திருநெல்வேலியில் என்ன விலை என்று விசாரிக்காமல் எந்தத் தோட்டக்காரரும் மூட்டையை அவிழ்ப்பதில்லை.

‘வேற ஆஃபர் இருக்கு’ என்று மிரட்டிப் பார்ப்பது காலத்தைப் பொறுத்தது. 2022-ல் ஆட்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவினார்கள். இன்ஃபோசிஸில் அந்த ஜூன் காலாண்டில் விலகியோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. தாவியவர்களுக்கு உள்ளே இருந்தவர்களைவிட நல்ல உயர்வு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. கையில் உண்மையான ஆஃபர் இல்லாமல் இப்போது மிரட்டினால், ‘வாழ்த்துகள்’ என்று மேனேஜர் கைகுலுக்கிவிடக்கூடும். கிடைத்தாலும், பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ்.

புளியங்குடிக்காரர்கள் போடும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தென்காசிக்கு அந்தப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லிருந்து அலுவலகம் நடத்துகிறது. கொரோனா காலத்தில் தறிச் சத்தம் கேட்காதபடி மைக்கை அணைத்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்த பிள்ளைகளுக்கு, ஓ.எம்.ஆர். வாடகை இல்லாத சம்பளம் எவ்வளவு நீளும் என்று தெரியும். அந்த வேலைகள் எல்லோருக்கும் போதாது என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் கிளாம்பாக்கம் போகும் வண்டிக்கு முதுகுப்பையோடு பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு பையில் லேப்டாப், இன்னொன்றில் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். ஏற்றிவிட வந்த பெரியவர்கள் பஸ் நகரும் வரை ஜன்னலோரம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். “போனதும் போன் பண்ணு” என்பார்கள். “கேட்டுப் பாருடே” என்றும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள்.