உப்பு கேட்காத வயல்

வேதாரண்யம் பக்கம் எது வயல், எது இறால் குட்டை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். குட்டைப் பக்கம் ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் முதலாளியின் முதல் மொத்தமும் அடியில் செத்துக் கிடக்கும்.

நான் போன பண்ணையில் தீனி போடுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். தண்ணீருக்குள் இருந்த செக் ட்ரேயை மெல்லத் தூக்கி, மிச்சம் கிடந்த தீனியை விரலால் தள்ளிப் பார்த்தார். ஒரு இறாலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "குடல் நெறஞ்சிருக்கு பாருங்க சார். நடுவுல கோடு அறுந்து தெரிஞ்சா தீனி எடுக்கலன்னு அர்த்தம்." அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தோல் உரிக்கும், அப்போது தீனியைக் குறைப்பாராம். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பார்த்துப் பழகியது.

"இது முன்னாடி என்னவா இருந்துச்சுண்ணே?"

"நெல்லு வயல்தான். இதே இடத்துல நான் அண்டை வெட்டியிருக்கேன். நடவுக்கு முப்பது பொம்பளைங்க எறங்குவாங்க. இப்ப நாங்க ரெண்டு பேரு, ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன்."

பக்கத்து நிலம் இன்னும் நெல்தான். குட்டைக் கரையை ஒட்டிய பாத்தியில் மட்டும் பயிர் நுனி கருகி, மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. கரை வழியே கசிகிற உப்புக்கு வரப்பு தெரியுமா என்ன? அந்த நிலத்துக்காரர் சலித்துப்போய், தன் வயலையும் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்றார். குட்டைகள் பெருகுவது பாதி ஆசையால், பாதி இப்படி வேறு வழியில்லாமல்.

நாலு மாதம் போல வளர்த்து அறுவடை செய்கிறார்கள். கிலோவுக்கு முப்பது இறால், அதாவது முப்பது கவுண்ட் வந்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அதன் பிறகு மதகைத் திறப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. தின்னாத தீனியும் எச்சமும் அழுகிய கருப்புச் சேற்று நீர் வடிகாலில் இறங்கும். தீனியிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு இறாலின் உடம்பில் சேர்வதில்லை, தண்ணீரிலும் சேற்றிலும்தான் தங்குகிறது. அதே வாய்க்காலிலிருந்துதான் அடுத்த பண்ணை மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்கிறது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரைப் பண்ணைகளைத் துடைத்தெடுத்ததற்கு இந்தப் பங்காளித் தண்ணீரும் ஒரு காரணம். அந்தத் தீனியிலும் மீன்தூள் உண்டு. சங்காயம் என்று கழிக்கிற குஞ்சு மீன்களும் அரைபட்டுத் தீனியாகின்றன. கடலின் சுமையைக் குறைக்கிற தொழில் என்ற பேச்சை இதனால்தான் நான் முழுதாக ஏற்பதில்லை.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் கடுமையான தீர்ப்பளித்தது. விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள குட்டைகளை அகற்ற வேண்டும். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, அதே தொழிலுக்குப் பதிவு கொடுத்து வழிவிட்டது. 2009இல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் இனத்துக்கு அனுமதி தந்தபோது, பண்ணை சிறிதோ பெரிதோ கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை வேண்டும் என்று விதித்தார்கள். நான் போன பண்ணையில் மதகுக்கு அடுத்தது வாய்க்கால்தான்.

தீனி போடுகிற அண்ணனின் பிழைப்பைப் பறிக்கச் சொல்லவில்லை. கடலோர ஊராட்சியில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் பதிவு பெற்ற குட்டைகள் எவை, அவற்றின் கழிவுநீர் எங்கே போகிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.