அரக்குப் பட்டின் மேல் விழும் வெளிச்சம்

50 வாட் ஹாலஜனைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் 6 வாட் எல்இடியைச் செருகுவது ஏணி ஏறத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை. கழற்றுகிற விளக்கு அந்த இடத்துக்கு என்னென்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டு மாற்றுவதற்குத்தான் தொழில் கற்க வேண்டியிருக்கிறது. ஐடிஐ முடித்துக் காஞ்சிபுரத்தில் ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

அந்தக் கடையின் ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக இருந்தவை எம்ஆர்16 ஹாலஜன்கள். முகம் 2 அங்குலம், பின்னால் இரண்டு ஊசிக்கால், 12 வோல்ட். “சின்ன லைட்டுன்னு பாக்காத தம்பி, ஆம்பியரக் கணக்குப் போடு” என்றார் அண்ணன். 50 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ஹோல்டர் சற்று லூஸானாலும் கால்கள் கருகும். ஒயரை நீளமாக இழுத்து வழியில் அரை வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், நிறமும் மஞ்சளடிக்கும்.

எல்இடியைத் தொடுவதற்கு முன் ஹாலஜனை எனக்கு நன்றாகப் பழக்கினார். சாதாரண குண்டு பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கருப்பாகப் படியும். ஹாலஜன் குமிழுக்குள் இருக்கும் துளி அயோடினோ புரோமினோ அந்த டங்ஸ்டனைப் பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1959இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இந்தச் சுழற்சி நடக்கக் குமிழின் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அதனால்தான் குவார்ட்ஸில் செய்கிறார்கள். முன்கண்ணாடி இல்லாத வகையில் விரல் பட்டால் வியர்வை உப்பு அந்தச் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும். துணியால் பிடித்துத்தான் மாட்டுவோம்.

இன்னொன்றை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தலையை நுழைத்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஜிப்சம் பழுப்பேறியிருந்தது. ஒயரின் உறை தொட்டால் உதிர்ந்தது. இந்த விளக்கின் பிரதிபலிப்பான் வெளிச்சத்தை முன்னே அனுப்பும், வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பின்னே விட்டுவிடும். புடவை சூடாகாமல் இருந்தது, சீலிங் வெந்தது.

முதலாளி மாற்றச் சொன்னதில் நியாயம் இருந்தது. 40 விளக்கு, 2000 வாட். 12 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 24 யூனிட். அந்த 2000 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட் வெப்பம் என்பதால், அரை டன்னுக்கு மேல் ஏசி விளக்குகளுக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. 6 வாட் எல்இடி என்றால் மொத்தமே 240 வாட், நாளுக்கு 3 யூனிட்கூட ஆகாது.

ஆனால் நாங்கள் போவதற்கு முன்பே அவர் எங்கிருந்தோ மலிவான எல்இடி ஒரு பெட்டி வாங்கி, ஒரு வரிசை மாட்டியும் வைத்திருந்தார். “அரக்கு செத்துப்போச்சுங்க” என்றார் புடவை எடுத்துப்போடும் பெரியவர். மெத்தையில் விரித்திருந்த முகூர்த்தப் புடவையைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு கருங்காவிபோல மங்கிக் கிடந்தது. பட்டுக்கடைக்கு வருகிறவர்கள் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பது வழக்கம்தான். அந்த வரிசைக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் எல்லாப் புடவையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள்.

அண்ணனிடம் கருப்புப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று உண்டு. நடுவில் தடுப்பு, இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு ஹோல்டர். ஒரே துணியை இரு அறையிலும் விழும்படி விரித்து, ஒரு பக்கம் ஹாலஜன், மறுபக்கம் எல்இடி எரியவிடுவார். துணிகளும் அவரே பொறுக்கி வைத்தவை: அரக்கு, மாம்பழ மஞ்சள், கரும்பச்சை, எம்.எஸ். நீலம். பெட்டியைவிட அதைப் பார்க்கும் முறைதான் எனக்குப் பெரிய பாடம். இரண்டும் 3000 கெல்வினாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளையாகவும் ஒன்று மஞ்சளாகவும் இருந்தால் கண் அந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். ஒரு பக்கத்தை மூடிவிட்டு, கண் பழகும்வரை மறுபக்கத்தையே பார்க்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். போனில் படமெடுத்து ஒப்பிடக் கூடாது; கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும். கடைசியாக, விலை சொல்லும் வாயை நம்பாமல் துணியை மட்டும் பார்க்க வேண்டும். அண்ணன் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார். எனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்.

அப்படிப் பார்த்தபோது மஞ்சளும் நீலமும் ஓரளவு ஒத்துப்போயின. அரக்கு மட்டும் எல்இடி பக்கத்தில் எழவே இல்லை. காரணம் எல்இடி வெள்ளை ஒளியை உண்டாக்கும் விதத்தில் இருக்கிறது. நீல ஒளி தரும் சில்லின் மேல் பாஸ்பர் பூசுகிறார்கள்; அது தரும் மஞ்சளும் சிவப்பும் நீலத்தோடு கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆழ்ந்த சிவப்பைத் தரும் பாஸ்பரில் சிக்கனம் செய்தால் விளக்கு வெள்ளையாகவே தெரியும், ஆனால் அரக்கு திருப்பி அனுப்புவதற்கு அதில் சிவப்பு இருக்காது. ஹாலஜன் காய்ந்த இழையின் ஒளி. அதில் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. முதலாளி வாங்கிய எல்இடிப் பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறத்தைச் சரியாகக் காட்டும் திறன், 80 என்று போட்டிருந்தது. அந்த எண் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சராசரியில் அது சேராது, பெட்டியிலும் பெரும்பாலும் அச்சாகாது. சிஆர்ஐ 80 விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். பட்டுக்கடைக்கு விளக்கு விற்கிறவர்கள் அந்த எண்ணைச் சொல்லாமல் விற்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டார் வருடக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொண்டு நிறம் பார்த்து வாங்கும் இடம் அது.

சிஆர்ஐ 90க்கு மேல், ஆர்9 50க்கு மேல் என்று கேட்டு வாங்கினோம். அரக்கு எழுந்தது. பெரியவர் மெத்தையிலிருந்தே தலையாட்டினார்.

அடுத்தது சரிகை. வெள்ளியிழையில் தங்க முலாம் ஏற்றிய சரிகை மின்ன, ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வர வேண்டும். ஹாலஜன் இழை அப்படிப்பட்ட புள்ளி. நாலைந்து சில்லுகளைப் பரப்பிய எல்இடியில் கையை நீட்டினால் மெத்தையில் நாலைந்து நிழல் விழுந்தது, சரிகையும் வெறும் மஞ்சள் நூலாகத் தெரிந்தது. ஒற்றைச் சில்லுத் திட்டு உள்ள வகைக்கு மாறியதும் மினுமினுப்பு திரும்பியது. கோணத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். 9 அடி உயரச் சீலிங்கிலிருந்து 36 டிகிரி விளக்கு தரையில் கிட்டத்தட்ட 6 அடி வட்டம் போடும். 24 டிகிரி 4 அடிக்குச் சற்றுக் குறைவு. 60 டிகிரி 10 அடிக்கு மேல் பரந்துவிடும். லூமன் எண் பெரிதாக இருந்தும் புடவை மங்கலாக இருக்கிறதென்றால், வெளிச்சம் சுவருக்கும் நடைபாதைக்கும் போய்விட்டது என்று பொருள். ஸ்பாட் லைட்டுக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகும் ஒளியின் வலு. 50 வாட், 36 டிகிரி ஹாலஜன் ஏறத்தாழ 1500 கேண்டெலா தரும். “50 வாட்டுக்குச் சமம்” என்ற வாசகத்தை விட்டுவிட்டு இந்த எண்ணோடு ஒப்பிட அண்ணன் பழக்கினார்.

விளக்கு முடிவான பிறகு மின்னும் பிரச்சினை வந்தது. ஹாலஜனுக்கு 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் 20–60 வாட் என்று இருந்தது. 20 வாட் சுமையாவது இல்லாவிட்டால் அது ஒழுங்காக ஓடாது. 6 வாட்டைக் கொடுத்ததும் எரிந்து எரிந்து அணைந்தது. சில இடங்களில் வரிசையில் ஒரு ஹாலஜனை விட்டுவைத்துச் சுமை காட்டிச் சமாளிக்கிறார்கள். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்களைக் கழற்றி, டிசியிலும் ஓடும் விளக்குகளாகப் பார்த்து, 12 வோல்ட் டிசி டிரைவர் போட்டோம். நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஜியு10 வகைக்கு மாறலாமே என்று முதலாளி கேட்டார். பழைய ஃபிட்டிங் உலோகம், எர்த் கிடையாது. 12 வோல்ட்டுக்காக இழுத்த ஒயர் வேறு பொடிந்து கிடந்தது. எல்லாவற்றையும் மாற்றினால் ஒழிய 230 வோல்ட்டை அங்கே விடமாட்டேன் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டிம்மர் அந்தக் கடையில் இல்லை. இருக்கும் இடங்களில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: ஹாலஜனைக் குறைத்தால் வெளிச்சம் அந்தி நிறத்துக்கு இறங்கும், சாதாரண எல்இடி அதே நிறத்திலேயே மங்கும்.

எல்இடியில் சூடே இல்லை என்பதும் சரியல்ல. அது கதிரோடு வெளியே போகாமல் விளக்கின் உடம்பிலேயே தங்குகிறது, பக்கத்தில் இருக்கும் மின்தேக்கிதான் அதில் முதலில் சாகிறது. காற்றோட்டமில்லாத ஷோகேஸ் ஃபிட்டிங்குகளில் மாற்று விளக்கு வேண்டாம், டிரைவர் தனியாக இருக்கும் புது ஃபிட்டிங்கே போடலாம் என்று சொன்னோம், முதலாளி ஒத்துக்கொண்டார். மாடிப்படிக்கும் கோடவுனுக்கும் அவர் வாங்கிய பழைய பெட்டி போதுமானதாக இருந்தது. பெட்டியில் போட்டிருந்த 25,000 மணி நேரம் அந்தக் கடைக்கு ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் எது எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, மாட்டிய தேதியை ஒவ்வொரு விளக்கின் பின்புறமும் மார்க்கரால் எழுதிவிட்டு இறங்கினோம்.