மூவிலைச் செடி

கால்டுவெல் பிறந்த தீவு என்ற அளவிலேதான் அயர்லாந்தை நான் அறிந்திருந்தேன். எங்கள் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்து, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்ட அப்பெருமகனார் பிறந்தது அத்தீவின் வடபகுதியான அன்ட்ரிமில். என் மகள் டப்ளின் நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியாகச் சேர்ந்த பிறகு, ஒரு மார்ச் மாதத்தை அங்கே கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

பதினாறாம் நாள் மாலை கடைக்குப் போய்வந்த மகள், ஈரத்தாளில் பொதிந்த செடிக்கொத்து ஒன்றை மேசைமீது வைத்தாள். காம்பு தோறும் மூன்று மூன்று இலைகள்.

“வரப்பிலே முளைக்கும் புளியாரையை விலைகொடுத்தா வாங்கினாய்?” என்றேன்.

ஆறு வயதுப் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். “புளியாரை இல்ல ஆச்சி, ஷாம்ராக். நாளைக்குச் சட்டையில குத்திக்கணும்.”

மறுநாள், மார்ச் 17, புனித பேட்ரிக் நாள். அயர்லாந்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது விடுமுறையாக்கப்பட்ட நாள். மூவரும் மூவிலைக் கொத்தை மார்பில் குத்திக்கொண்டு ஓ'கானல் தெருவுக்குப் புறப்பட்டோம். குளிர்காற்று எலும்பைத் துளைத்தது. தெருவின் இருமருங்கிலும் பச்சைத் தொப்பிகள், பச்சைக் கழுத்துத்துணிகள், பச்சை வண்ணம் பூசிய கன்னங்கள். பச்சைத் தாடி ஒட்டிக்கொண்டு தந்தையின் தோளில் அமர்ந்திருந்த குழந்தைகளும் உண்டு. முரசும் குழலும் முழங்க, இசைக்குழுக்கள் அணியணியாகச் சென்றன. அவற்றுள் சில அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று மகள் சொன்னபோது வியந்தேன்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். இவ்விழாவுக்கு ஊர்வலத்தைத் தந்தவர்களே கடல்கடந்து போனவர்கள்தாம். பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் 1737இலேயே இந்நாளைக் கொண்டாடினர். நியூயார்க் ஊர்வலத்தின் தொடக்கம் 1762. டப்ளினில் அரசே ஊர்வலம் நடத்தத் தொடங்கியதோ 1931இல். தாயகத்தில் அது நெடுங்காலம் வழிபாட்டுக்குரிய அமைதியான நாளாகவே இருந்தது. 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அன்று மதுக்கடைகளைச் சட்டமே மூடிவைத்திருந்தது. உள்ளூரில் இருப்பவருக்கு ஊரை நினைவூட்டத் தேவையில்லை அல்லவா?

பேட்ரிக்கும் அந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். ரோமானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த பிரிட்டனில் பிறந்து, 16ஆம் வயதில் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அடிமையாக அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தார். ஆறாண்டுகள் கால்நடை மேய்த்தார், தப்பியோடினார், பிறகு சமயப்பணிக்காகத் தாமே அங்குத் திரும்பிவந்தார். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் தம் வாழ்க்கையை இலத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். அதில் மூவிலைச் செடி இல்லை. அதைக் காட்டி மூவொரு கடவுட் கொள்கையை விளக்கினார் என்னும் செய்தி எழுத்தில் வருவது 18ஆம் நூற்றாண்டில்தான். அவர் பாம்புகளைக் கடலுக்குள் விரட்டினார் என்பதும் கதையே. பனியூழிக்குப்பின் அத்தீவில் பாம்புகள் வாழ்ந்ததற்குச் சான்றில்லை. பச்சை நிறத்தையாவது தொன்மையானது என்று கொள்ளலாமா என்றால், 1783இல் அரசர் பேட்ரிக்கின் பெயரால் ஏற்படுத்திய வீரர் குழாத்தின் நிறம் நீலம். பச்சையை மக்களின் நெஞ்சில் பதித்தது 1798ஆம் ஆண்டின் விடுதலைக் கிளர்ச்சி.

ஷாம்ராக் எது என்பதிலும் வழக்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நத்தானியேல் கோல்கன் என்னும் இயற்கை ஆய்வாளர், உண்மையான ஷாம்ராக்கை அனுப்பித்தருமாறு பல பகுதி மக்களைக் கேட்டுக்கொண்டார். வந்தவற்றை வளர்த்துப் பூக்கவிட்டுப் பார்த்தார். அவை ஒரே இனச்செடியாக இல்லை. ஒவ்வோர் ஊராரும் தம் ஊரில் முளைத்த மூவிலையையே மெய்யானது என்று நம்பியிருந்தனர்! புளியாரையின் உறவான ஒரு காட்டுச்செடியே பழைய ஷாம்ராக் என்று வாதிட்டவரும் உண்டு. இதைப் பேத்தியிடம் சொல்லி, இழந்த மதிப்பை ஓரளவு மீட்டுக்கொண்டேன்.

அந்நாட்டு நாணயத்தைத் திருப்பினால் அரசுச் சின்னமாகிய யாழைக் காணலாம். 1792இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பழைய மரபின் யாழிசைஞர்களைக் கூட்டியபோது, அயர்லாந்தினர் பத்துப்பேர்தாம் வந்தனர். அவர்கள் இசைத்தவற்றை எட்வர்ட் பன்டிங் என்னும் 19 வயது இளைஞர் எழுதிவைத்துக் காத்தார். யாழின் பெயரை மட்டும் நூல்களில் பயிற்றுவிக்கும் தமிழாசிரியையான எனக்கு, அந்த நாணயம் கையில் கனத்தது.

விழாநாள் காலையில் பேத்தி எனக்கு ஐரிஷ் மொழியில் ஒரு வாழ்த்தைச் சொல்லித்தந்தாள். பள்ளியில் கற்றது. “லா லே பாட்ரிக்” என்று அவள் சொன்னதை எழுத்தில் பார்த்தேன். இடையே ‘ஃப’ ஒலிக்குரிய எழுத்து நிற்கிறது. வாயில் அது ஒலிப்பதில்லை. ‘ஏன்?’ என்று கேட்டதற்கு, “அது அப்படித்தான் ஆச்சி” என்றாள். நானும் வகுப்பறையில் இந்த விடையைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அன்று அவ்வளவு பெரிய கூட்டத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் ஆங்கிலமே. ஐரிஷ், அந்நாட்டு அரசமைப்பின்படி முதல் ஆட்சிமொழி. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 இலட்சம் பேர் தமக்கு அம்மொழி பேசத் தெரியும் என்றனர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோரோ 72 ஆயிரத்துக்கும் குறைவு. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோயால் மூண்ட பெரும்பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மடிந்தனர்; அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியே பெரிதும் வெறுமையானது.

பஞ்சம் மட்டுமே காரணம் அன்று. பல ஊர்களில் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டனர். வாயிலிருந்து ஐரிஷ் சொல் வந்தால் குச்சியில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணிப் பள்ளியில் அடி. அவ்வெட்டுகளை இட்டவர்களுள் பெற்றோரும் இருந்தனர். தம் பிள்ளை பிழைக்கவேண்டும் என்று விரும்பிய பெற்றோர்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மகள் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் தண்டம். ஒருநாள் அவள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் காலையில் சில்லறையை எண்ணிக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தனுப்பினேன். பள்ளிக்குச் சென்று ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கு என் வகுப்பில் நான் நடத்திய பாடம் திருக்குறள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னாள் மாலை, பேத்தி தன் படச்சுவடியைக் கொண்டுவந்தாள். வாடிய ஷாம்ராக் ஒன்றை அதில் ஒட்டி, பக்கத்தில் ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதியிருந்தாள். கீழே இடம் மிச்சமிருந்தது. “இதுல தமிழ்ல எழுதிக் குடு ஆச்சி” என்றாள். ‘மூவிலை’ என்று எழுதினேன். விரல்வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தவள், கடைசி எழுத்தில் நின்றாள்.

“இந்தக் கொம்பு முன்னாடி நிக்குது. ஆனா ‘ல’வைச் சொன்ன பிறகுதான் சொல்லணுமா?”

“ஆமாம்” என்றேன். அவள் மீண்டும் ‘மூ’விலிருந்து தொடங்கினாள்.