செவிக்குள் ஓர் ஏரி

சென்னை மாநகருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை அண்டி வாழும் ஊர்களுள் காட்டூரும் ஒன்று. பெயரில் காடு இருப்பினும், இப்பகுதி மக்களின் வாழ்வில் பெரும்பங்கு நீருக்கே உரியது. ஏரி என்று வழங்கினாலும் இது நன்னீர் ஏரியன்று. ஆரணியாறு கொணரும் நீரும், முகத்துவாரத்தின் வழியே நுழையும் வங்கக் கடலின் நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி இது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டின் பெரிய உப்பங்கழி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். பரப்பில் பெரிதாயினும் ஆழத்தில் பெரிதன்று. பல இடங்களில் ஆள் நின்றே வலை கட்டலாம்.

இவ்வேரிக்கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்து 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். இன்று கோட்டை இல்லை, மீனவரோ இருக்கின்றனர். எந்த நாளில், எந்த இடத்தில், எவர் வலை கட்டுவது என்பதைத் தமக்குள் முறைவைத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் வழக்கமும் அவர்களிடையே தொன்றுதொட்டு இருந்து வருகிறது. தமக்குரிய பாட்டு நாளைத் தவறவிட்டவரின் வீட்டில் அன்றைய அடுப்பு எரிவதே கடினம். ஆதலால் உடல்நலக் குறைவை வெளியே சொல்லாமல் நீரில் இறங்குவோர் பலர். அவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அதுதான் தலைக்கிறுகிறுப்பு.

இப்பக்கத்து ஊர்களில் வீடு சந்தித்து வந்தபோது, முதிய மீனவர் ஒருவர் திண்ணைத் தூணைப் பிடித்தவாறே நம்மிடம் சொன்னார்: "படுத்தா கூரை சுத்துது சாமி. புரண்டா சுத்துது. ஒரு நிமிசம் எல்லாம் போயிட்டு வருது. அப்புறம் ஒண்ணுமில்ல." அருகிலிருந்த உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார் ஒருவர். காற்றுக் கருப்பு அண்டியிருக்கும் என்றார் மற்றொருவர். "ராத்திரி போட்டது இன்னும் இறங்கல" என்று இளைஞன் ஒருவன் சிரித்தான். பெரியவரோ குடிப்பழக்கம் இல்லாதவர். நோயைக் காட்டிலும் அந்தச் சிரிப்பே அவரை அதிகம் வருத்தியது.

நம் மொழியில் 'மயக்கம்' என்பது பல பொருள் தரும் சொல். நினைவிழத்தலும் மயக்கம், கள்ளின் வெறியும் மயக்கம், அழகில் மனம் பறிபோவதும் மயக்கம். ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்தில் வந்து கலப்பதை இலக்கண நூலார் திணைமயக்கம் என்பர். நிலமும் நீரும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல இயலாத இவ்வுப்பங்கழிக்கு அப்பெயர் நன்கு பொருந்தும். விலைவாசியைக் கேட்டாலும் 'தலை சுற்றுகிறது' என்கிறோம். சிறுவர்களோ தட்டாமாலை சுற்றி, அந்தக் கிறுகிறுப்பையே விளையாட்டாக்கி மகிழ்கின்றனர். இவ்வாறு ஒரே சொல்லில் இன்பமும் பழியும் நோயும் கலந்துகிடப்பதால், நோயாளியின் முறையீடு செவிமடுக்கப்படாமற் போகிறது.

புயலில் சிக்கிய கடலோடிகள் குடிவெறி கொண்டோரைப் போலத் தள்ளாடியதாக 107-ஆம் திருப்பாடல் வருணிக்கிறது. அவர்கள் குடித்தவர்கள் அல்லர். குடித்தவரைப் போல் இருந்தனர், அவ்வளவே. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மருத்துவ அறிவியல் இதுபற்றிக் கூறுவது யாது? நம் உட்செவியில் ஒவ்வொரு புறமும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் நீர் நிறைந்துள்ளது. தலை திரும்புகையில் அந்நீரின் அசைவை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வியன்னா நகரின் செவி மருத்துவரான ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைக் கழுவுகையில் நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு திசையிலும், சூடாயிருந்தால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கண்டார். செவியின் உள்நீர் வெப்பத்தால் எழுந்தும் குளிரால் தாழ்ந்தும் ஓடுவதே இதற்குக் காரணம் எனத் தெளிந்தார். இவ்வாராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. முதல் உலகப் போரில் சிறைப்பட்டு இரஷ்யாவில் இருந்தபோதே அச்செய்தி அவரை எட்டியது. 1916-இல்தான் விடுதலை பெற்றார்.

குழல்களுக்கு அருகேயுள்ள பைகளில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. நம் ஏரிக்கரையில் குவிந்து கிடக்கும் கிளிஞ்சலும் அதே வகைச் சுண்ணாம்பே. முதுமையாலோ தலையில் பட்ட அடியாலோ அத்துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் அவை உருண்டு, உள்நீரைத் தவறாக அசைக்கின்றன. உடல் கிடக்க, உலகம் சுழல்வதாக மூளை நம்புகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் ஏரியின் நீரோட்டம் கெடுவதைக் கண்டறிந்த மீனவர்க்கு இதை விளக்குதல் எளிது. "அப்ப என் காதுலயும் முகத்துவாரம் தூர்ந்துபோச்சா சாமி?" என்று அப்பெரியவரே கேட்டார்.

முகத்துவாரத்தைத் தூர்வாரப் பெரும்பொருள் வேண்டும். இதற்கோ ஒரு கட்டில் போதும். எந்தச் செவியில் குறை என்பதை மருத்துவர் கண்களின் துடிப்பைக் கொண்டு கண்டறிந்து, தலையை முறைப்படி சில நிலைகளில் திருப்பி வைத்தால், துகள்கள் தம் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்து 1992-இல் விரிவாக வெளியிட்ட முறை இது. ஊசியில்லை, அறுவையில்லை, பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் காண்கிறது. சீரகக் கஷாயமும் இஞ்சிச் சாறும் வயிற்றுப் புரட்டலைச் சற்றுத் தணிக்கலாம். குழலிற் புகுந்த துகளை அவை அகற்றமாட்டா.

எல்லாக் கிறுகிறுப்பும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. வெயிலில் நெடுநேரம் குனிந்து கருவாடு உலர்த்தும் பெண்கள் எழும்போது கண் இருட்டுவது, உடலில் நீர் குறைந்ததாலோ இரத்தசோகையாலோ இருக்கலாம். நெடுநாள் கடலில் இருந்தவர்க்குக் கரையேறியபின் தரையே அசைவதாகத் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அது தானே அடங்கும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்போர்க்குத் தலை சுற்றுவது வேறு. அருகிலுள்ள பொருள்களைப் பார்த்தே உடல் தன் நிலையைச் சரிசெய்துகொள்கிறது. உயரத்தில் கண்ணுக்கு அணித்தாக ஒன்றும் இல்லாமற்போகவே கால்கள் தடுமாறுகின்றன. அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அதுவும் கோழைத்தனமன்று.

காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரின் அது வேறு நோய். 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் மெனியேர் அதன் இருப்பிடம் செவியே என எடுத்துரைத்தார். பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று கிறுகிறுப்புடன் சேர்ந்து வந்தால், அது மூளைத் தாக்கமாக இருக்கக்கூடும். அப்போது மந்திரிக்கவும் கஷாயம் காய்ச்சவும் நேரமில்லை. உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

நிலத்தில் தலை சுற்றினால் விழுவது திண்ணையில். நீரில் சுற்றினால் விழுவது ஏரியில். இடுப்பளவு நீரும் தலைகுப்புற வீழ்ந்தவனுக்குப் போதும். ஆகவே இந்நோய் கண்டவர் குணமாகும்வரை தனியே படகேறலாகாது. அவருடைய பாட்டு நாளில் உறவினர் ஒருவர் அவருக்காக வலை கட்டிக் கொடுத்தால், அவர் நோயை மறைக்க வேண்டிய தேவையே இராது. பொன்னேரி அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. அங்குச் செல்லும் ஒரு நாள் வீணான நாளுமன்று.

அன்பார்ந்த வாசகர்களே, நம் வீட்டுப் பெரியவர் எவரேனும் படுக்கையில் புரளும்போது கட்டிலை இறுகப் பற்றுகிறாரா என்று கவனியுங்கள். தெருவில் ஒருவர் தள்ளாடி வரக் கண்டால், மோந்து பார்க்கவும் சிரிக்கவும் விரையாமல் முதலில் கையை நீட்டுவோம். காரணத்தை அவர் அமர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம்.