கார்த்திகைப் பூவும் கிழங்கும்

கீரிமலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. கல் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். அந்த மண்ணில்தான் கார்த்திகைப் பூவை நான் முதலில் கண்டேன். வெயில் மாதங்களில் செடி இருந்த இடமே தெரியாது. மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மாரி மழையோடு தளிர்த்து வேலியில் ஏறிவிடும்.

அம்மம்மா பூவைக் காட்டவில்லை, இலையைத்தான் காட்டினா. "இலை நுனியைப் பார் பிள்ளை" என்பா. நீண்ட இலையின் நுனி சுருண்டு, கொம்பைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, முதலில் பச்சை மஞ்சளாக இருந்து பிறகு நெருப்புச் சிவப்பாகும். 1990-இல் அந்த ஊரை விட்டு வெளியேறினோம். கலியாணம் முடித்து ஹற்றனுக்கு வந்தேன்.

இந்தப் பூவைக் கண்டால் நம்மில் பலருக்குப் பல நினைவுகள் வரும். நான் கிழங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து பலர் வன்னிக்குப் போனார்கள். அந்தச் சொந்தம் இன்னும் விட்டுப்போகவில்லை. பக்கத்து லயத்து அக்கா போன வருடம் வவுனியா போய் ஒரு பை கிழங்கு கொண்டுவந்தார். உறவினர் காணி துப்புரவாக்கும்போது கிளறியதாம். வத்தாளைக்கு நடுவே இரண்டு மட்டும் கலப்பை போல வளைந்து இரு கிளையாக இருந்தன. கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான்.

"அவிச்சா சரியாயிடும் தங்கச்சி" என்றார் அக்கா. ஆகாது. அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. இதை வத்தாளை என்று நினைத்துச் சாப்பிட்டு நம் நாட்டில் உயிர் போயிருக்கிறது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும்; பிழைத்தவர்களுக்கும் பிறகு தலைமுடி கொட்டும். இதே கொல்சிசின், மிகச் சிறிய அளவில், மூட்டுவாத வகை ஒன்றுக்கு மருந்து. அதன் விதைக்காகத் தமிழ்நாட்டில் இதைப் பயிரிடுகிறார்கள்.

கிழங்கு தோண்டும் காலத்தில் பூவோ இலையோ இருக்காது. அதனால் பூத்திருக்கும்போதே அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். வள்ளிக் கொடியின் இலை அகன்று இதய வடிவில் இருக்கும். நுனி எதையும் பற்றாது. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரும்வரை பார்த்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அக்கா அந்த இரண்டையும் புதைக்கப் போனார். முளைக்குமே என்று சொல்லி அடுப்பில் போட வைத்தேன்.