அறுவை சிகிச்சையால் நினைவு திரும்புமா?

சென்ற வாரம் அண்ணன் புலனத்தில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். சீன மருத்துவமனை ஒன்றில் அல்சைமர் நோயாளி ஒருவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். சில நாள்களில் அவர் மகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். "வீட்டை அடகு வைத்தாவது அம்மாவை அழைத்துச் செல்வோமா, தங்கச்சி?" என்று கேட்டிருந்தார். பெற்றோர் சிலரும் இதே காணொளியை என்னிடம் காட்டியதால் இங்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் வாளி எங்கே?" என்று கதவைத் தட்டுகிறார். என்னை மரியாதையோடு 'டீச்சர்' என்றழைக்கிறார். ஆகவே அண்ணனுக்கு உடனே மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. தேடிப் படித்தேன்.

மூளையில் சேரும் கழிவுப் புரதங்களில் ஒரு பகுதி கழுத்திலுள்ள நிணநீர்க் குழாய்கள் வழியே வெளியேறுகிறது. அக்குழாய்களைச் சிரையோடு இணைத்தால் கழிவு விரைந்து வடியும் என்பது அம்மருத்துவர்களின் கருத்து. கேட்பதற்குச் சாக்கடை அடைப்பை எடுப்பதுபோல் எளிதாக இருக்கிறது. ஆனால், 2025 ஜூலையில் சீனச் சுகாதார ஆணையமே போதிய சான்றில்லை என்று கூறி, அல்சைமர் நோய்க்கு இச்சிகிச்சை செய்வதைத் தடை செய்துவிட்டது. காணொளியில் அச்செய்தி இல்லை.

இவ்வெண்ணம் புதிதுமன்று. அமெரிக்காவில் மூளைநீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாயை 215 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் குழாய் அடைத்தே வைக்கப்பட்டது. 2008இல் வெளிவந்த முடிவில், வடித்ததால் பயன் ஏதும் தெரியவில்லை.

என்னை ஈர்த்தது டொரோண்டோ நிகழ்வுதான். மருத்துவர் அன்ட்ரேஸ் லோசானோ, உடற்பருமனுக்காக ஒருவரின் மூளையில் மின்முனை பொருத்தி மின்சாரம் செலுத்தியபோது, பல்லாண்டுகளுக்கு முன் நண்பர்களோடு பூங்காவில் இருந்த காட்சி அவருக்குத் தெளிவாகத் தோன்றியதாம். பின்னர் அல்சைமர் நோயாளிகள் 42 பேருக்கு மின்முனை பொருத்தி, பாதிப் பேருக்கு ஓராண்டு மின்சாரம் தராமல் ஒப்பிட்டார்கள். 2016இல் வெளிவந்த முடிவில் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் சிறிது நன்மை இருந்திருக்கலாம் என்றிருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகுதான், அவர்கள் தொடக்கநிலை நோயாளிகள் என்பது கண்ணில் பட்டது. அம்மா அந்நிலையைத் தாண்டி ஆண்டுகளாகின்றன. மண்டையோட்டில் துளையிடச் சம்மதமா என்று அவரிடம் கேட்கவும் இனி வழியில்லை.

அண்ணனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை.

"சரி, வெள்ளிக்கிழமை இரவு நான் வந்து அம்மாவோடு படுத்துக்கொள்கிறேன். நீ ஒரு நாளாவது விடியும்வரை தூங்கு" என்றார்.